பழைய காரில் பிரேக் லைட் எரியவில்லையா? முதலில் பெடலுக்கு மேலே பாருங்கள்

கேள்வி இதுதான்: கானாடுகாத்தானில் பூர்வீக வீடு, குடியிருப்பது கோயம்புத்தூரில். அப்பச்சி 1999-இல் வாங்கிய மாருதி 800 பின்கட்டுக் கொட்டகையில் ஏழு மாதமாக நின்றிருக்கிறது. கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து வண்டியை எடுத்தால் பிரேக் லைட் இரண்டுமே எரியவில்லை. பின்விளக்கு எரிகிறது, இண்டிகேட்டர் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது. இரண்டு பல்பையும் மாற்றிப் பார்த்தும் பலன் இல்லை. வண்டியைப் பார்த்த மெக்கானிக் முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம் தம்பி. இப்போதைக்கு ஒரு வயரைக்கூட வெட்ட விடாதீர்கள். நீங்கள் எழுதிய நாலு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. காரைக்குடியில் முப்பது வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். ஏழெட்டு மாதம் நின்றுவிட்டு விசேஷத்துக்கு வெளியே வரும் வண்டிகள்தான் எங்கள் பக்கத்தில் பாதி வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போயிருக்கிறது என்பதுதான் முக்கியமான தடயம். பல்பு, ஹோல்டர், எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போக வண்டியின் பாடியில் திருகும் வயர்) இந்த மூன்றும் பக்கத்துக்குப் பக்கம் தனித்தனி. அதில் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் அணையும். இரண்டும் சேர்ந்து அணைந்தால், இரண்டுக்கும் பொதுவான பாதையில்தான் தேட வேண்டும். அந்தப் பாதை சிறியது. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், அங்கிருந்து பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்ச், அங்கிருந்து ஒரே வயராகப் பின்னால் போய், கடைசியில் இடம் வலமாகப் பிரிகிறது. அவ்வளவுதான். ஹாரன் அடிக்கிறது என்றீர்கள். பல பழைய வண்டிகளில் ஹாரனுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே ஃப்யூஸ்தான் இருக்கும். உங்கள் ஃப்யூஸ் பாக்ஸ் மூடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். இரண்டும் ஒரே ஃப்யூஸ் என்றால் ஃப்யூஸ் மேல் சந்தேகமே வேண்டாம்.

எலி வயரைக் கடித்திருக்குமோ என்று பயந்து எல்லோரும் முதலில் பின்னால் போய் டிக்கியைத் திறக்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. ஸ்விட்சில் ஆரம்பித்தால் ஒரே சோதனையில் பாதிப் பாதை கழிந்துவிடும். தவிர, பழைய வண்டியில் அடிக்கடி கெட்டுப்போவதும் அந்த ஸ்விட்ச்தான். விலையும் மற்ற எதையும் விடக் குறைவு.

மாருதி 800-இல் டிரைவர் காலடியில் தலையைக் கொடுத்து மேலே பார்த்தால், பிரேக் பெடலின் தண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் தெரியும். இரண்டு வயர் வரும். நடுவில் ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். பெடல் சும்மா இருக்கும்போது தண்டு அந்தக் குமிழை உள்ளே அழுத்திப் பிடித்திருக்கும், விளக்கு அணைந்திருக்கும். நீங்கள் மிதித்ததும் தண்டு விலகும், குமிழ் வெளியே வரும், உள்ளே காண்டாக்ட் சேர்ந்து விளக்கு எரியும். மாதக்கணக்காக நின்ற வண்டியில் உள்ளே இருக்கும் கிரீஸ் இறுகி, குமிழ் வெளியே வராமல் ஒட்டிக்கொள்ளும். அல்லது காண்டாக்ட் கறுத்துப்போய், குமிழ் வந்தாலும் கரண்ட் போகாது.

முதலில் குமிழை விரலால் பத்து இருபது தடவை அழுத்தி அழுத்தி விடுங்கள். சில சமயம் அதிலேயே உயிர் வந்துவிடும். வந்தாலும் அந்த ஸ்விட்சை நம்பாதீர்கள், மாற்றிவிடுங்கள். வரவில்லை என்றால், இக்னிஷனை ஆன் செய்து, ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றி, அந்த இரண்டு முனையையும் ஒரு சின்ன வயர்த் துண்டால் இணையுங்கள். ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். இரண்டு விளக்கும் எரிந்தால் கதை முடிந்தது, ஸ்விட்ச்தான் கோளாறு. இதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஸ்விட்ச் செய்யும் வேலையைத்தான் வயர் செய்கிறது, ஃப்யூஸும் காவலுக்கு இருக்கிறது.

புது ஸ்விட்ச் போடும்போது இடைவெளியைக் கவனமாக வையுங்கள். ரொம்பத் தள்ளி வைத்தால் குமிழ் முழுதாக அழுந்தாது, விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், காலையில் பேட்டரி படுத்துவிடும். ரொம்ப நெருக்கி வைத்தால் பெடலை ஆழமாக மிதித்த பிறகுதான் எரியும். பெடலைத் தொட்டு லேசாக இறக்கியதுமே எரிய வேண்டும், அதுதான் அளவு. இன்னொன்று, குமிழ் இடிக்கும் இடத்தில் பெடல் தண்டில் ஒரு சின்ன ரப்பர் பட்டன் இருக்கும் வண்டிகள் உண்டு. இருபது வருடத்தில் அது காய்ந்து பொடியாகி உதிர்ந்துவிடும். அணையாத பிரேக் லைட் என்று வரும் வண்டிகளில் காலடி விரிப்பின் மேல் அந்த ரப்பர்த் துணுக்குகளைப் பல தடவை பொறுக்கியிருக்கிறேன்.

அம்பாசிடரும் பழைய ஃபியட்டும் வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் பெடலுக்கு மேல் தேடினால் ஸ்விட்ச் கிடைக்காமல் போகலாம். பிரேக் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஸ்விட்ச் அது. மாஸ்டர் சிலிண்டரிலோ பிரேக் பைப்பிலோ திருகியிருக்கும், இரண்டு வயர் வரும். வயரை இணைத்துப் பார்க்கும் சோதனை அதற்கும் அப்படியே பொருந்தும். பலமாக மிதித்தால் மட்டும் எரிகிறது, லேசாக மிதித்தால் எரியவில்லை என்றால் அந்த ஸ்விட்ச் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். வயர் மாட்டும் முனையில் ஈரமாக, எண்ணெய்ப் பசை தெரிந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். உள்ளிருந்து பிரேக் ஆயில் கசிகிறது, அப்போது போவது விளக்கு மட்டும் அல்ல, பிரேக்கும்தான். அதை மாற்றும்போது லைனில் காற்று புகும், ஏர் எடுத்தே ஆக வேண்டும். ஆகவே இது பிரேக் வேலை தெரிந்தவர் கையால் நடக்கட்டும். ஆயில் பெயிண்டில் சொட்டினால் பெயிண்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சிலர் இந்த ஸ்விட்சோடு போராட முடியாமல் பைக்கின் பின்பிரேக்கில் இருப்பது மாதிரி ஸ்பிரிங் இழுக்கும் ஸ்விட்சைப் பெடலில் கட்டிவிடுவார்கள். ஒழுங்காகக் கட்டினால் அதுவும் நல்ல ஏற்பாடுதான்.

சரி, வயரை இணைத்தும் எரியவில்லை என்றால்?

இங்கேதான் கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லேம்ப் வேண்டும். கடையில் வாங்க வேண்டாம். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்று, 12 வோல்ட், 21 வாட். அதில் இரண்டு வயரைச் சால்டர் செய்யுங்கள். ஒரு முனையில் முதலை கிளிப், இன்னொரு முனையில் சாக்கு தைக்கிற கோணி ஊசி. கிளிப்பை பெயிண்ட் இல்லாத வெறும் இரும்பில் மாட்டி, ஊசியால் ஸ்விட்சுக்கு வரும் இரண்டு வயரையும் தொட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரியவில்லை என்றால் ஃப்யூஸ் பக்கம் கோளாறு. எரிந்தால் ஸ்விட்ச் வரைக்கும் சரி, பின்னால் போகும் வயரில்தான் அறுந்திருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. கம்ப்யூட்டர் பார்த்து பெட்ரோல் விடும் எம்பிஎஃப்ஐ இன்ஜின் வண்டியில் இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகும் வயர்களில் இந்த லேம்ப்பை வைத்துவிடாதீர்கள், கம்ப்யூட்டர் தாங்காது.

வோல்டேஜ் அளக்கும் மீட்டர் இருக்கிறதே, லேம்ப் எதற்கு என்று கேட்பீர்கள். என்னிடம் வேலை பழக வரும் பையன்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். தேவகோட்டையிலிருந்து ஒரு அம்பாசிடர் வந்தது. வேறொரு இடத்தில் பின்னால் ஹோல்டரை இரண்டு தடவை மாற்றியும் பிரேக் லைட் எரியவில்லை. மீட்டர் வைத்தால் ஹோல்டரில் 12.4 வோல்ட் காட்டுகிறது. கரண்ட் வருகிறதே, ஹோல்டர்தான் சரியில்லை என்று முடிவு கட்டி, மறுபடி மறுபடி அதையே மாற்றியிருக்கிறார்கள். நான் அதே இடத்தில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தேன். அணையப் போகிற பீடிக் கங்கு மாதிரி இழை லேசாகச் சிவந்து நின்றது. வயரைக் கையால் தடவிக்கொண்டே முன்னால் வந்தேன். பின்கதவு வாசல்படி ஓரத்தில் ஒரு இடத்தில் விரலுக்கு மெத்தென்று இருந்தது. உறையைக் கீறினால், உள்ளே செம்பு முழுக்கக் களிம்பு பிடித்துப் பச்சைப் பொடியாகக் கொட்டுகிறது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு இழை, தலைமுடி கனம்.

அந்த ஒற்றை இழை வழியாக மீட்டருக்கு வேண்டிய துளியூண்டு கரண்ட் தாராளமாகப் போகும், அதனால் மீட்டர் முழு வோல்டேஜைக் காட்டும். ஆனால் 21 வாட் பல்புக்கு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 3.5 ஆம்பியர். அதைச் சுமக்க அந்த இழையால் முடியாது. ஒரு பல்புக்குப் போகும் பாதையில் வெறும் 1 ஓம் தடை சேர்ந்தாலே வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மீட்டரைக் குறை சொல்லவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது வைத்து அளந்தால் அதுவும் சரியாகச் சொல்லும். சும்மா நிற்கும் வயரில் வைத்துக் கேட்டால்தான் ஏமாற்றிவிடும்.

வயர் அறுந்த இடத்தைத் தேடும்போது கொட்டகையில் நின்ற வண்டிக்கு முதல் சந்தேகம் எலிதான். நம்ம ஊர் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கின்றன. கடைசிக் கட்டில் விறகும் பழைய சாமானும் அடைந்து கிடக்கும். அதற்குப் பக்கத்தில்தான் கார் நிற்கும், எலிக்கு இதைவிட வசதி வேறு எங்கே? பின் சீட்டைத் தூக்குங்கள், டிக்கியின் ஓரத் தகட்டைக் கழற்றுங்கள். புழுக்கை, பஞ்சு, நெல் உமி எங்கே தெரிகிறதோ அங்கே வயர் கடிபட்டிருக்கும். கடித்த இடத்தை முறுக்கி டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் பளபளக்கிற செம்பு வரும் வரை வெட்டி, அதே கனத்தில் புது வயர் சேர்த்து, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். எங்கள் பக்கத்து வெயிலில் டேப்பின் பசை ஒரே கோடையில் உருகி அவிழ்ந்துவிடும்.

ஃப்யூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் ஒன்று போட்டுப் பாருங்கள். பிரேக்கை மிதித்த உடனே மறுபடி எரிந்தால் ஸ்விட்சுக்கு அப்புறம் எங்கேயோ ஷார்ட். பழைய கண்ணாடி ஃப்யூஸில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளிப் பேப்பரைச் சுற்றி ஓட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஃப்யூஸுக்குப் பதிலாக வயர் எரியும், வயரோடு வண்டியும் எரியும்.

உங்கள் வண்டியில் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஸ்விட்ச் மாற்றி விளக்கு வந்த பிறகு ஒரு பக்கம் மங்கலாகத் தெரிந்தால் எர்த்தைப் பாருங்கள். பின்விளக்கு இழை 5 வாட், பிரேக் இழை 21 வாட், இரண்டும் ஒரே பல்புக்குள் இருக்கும். அரைகுறை எர்த்தில் 5 வாட் எரிந்துவிடும், 21 வாட் எரியாது. பின்விளக்கு எரிகிறதே, எர்த் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைப்பது தப்பு. இன்னொரு அடையாளமும் உண்டு. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக மினுங்கும், இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து துடிக்கும். எர்த் பிடிக்காமல் கரண்ட் பக்கத்து விளக்கு வழியாகச் சுற்றிப் போகிறது, அதனால்தான் இந்த வேடிக்கை.

சொந்தத்தில் ஒருவர் தன் சாந்திக் கல்யாணத்துக்காக (அறுபதாம் கல்யாணம்) அப்பா காலத்து ஃபியட்டை டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்து, புதுசு மாதிரி கொண்டுவந்து நிறுத்தினார். பிரேக்கை மிதித்தால் பின்னால் ஒரு பக்கம் மொத்தமும் மங்கிப் போகிறது. டிக்கிக்குள் கறுப்பு வயர் பாடியில் திருகியிருக்கும் இடத்தைக் கழற்றினேன். வாஷருக்கு அடியில் அழகான, கெட்டியான புது பெயிண்ட். எர்த் ஸ்க்ரூவைப் பெயிண்டுக்கு மேலேயே முறுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாளால் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இரும்பு தெரியும் வரை தேய்த்து, திரும்ப முறுக்கி, மேலே லேசாக வாசலின் தடவினேன். பத்து நிமிட வேலை. உங்கள் வண்டியில் எர்த்தைச் சோதிக்க, பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு நீள வயரை இழுத்துக்கொண்டு போய் ஹோல்டரின் கறுப்பு வயரைத் தொடுங்கள். விளக்கு பளிச்சென்றால் எர்த்தான் குறை.

ஹோல்டரும் இதே ரகம். லென்ஸின் ரப்பர் வாசர் இறுகி வெடித்திருக்கும். வெயில் காலத்தில் செம்மண் புழுதி உள்ளே போகும், ஐப்பசி கார்த்திகையில் மழை ஈரம் போகும், இரண்டும் சேர்ந்து பித்தளையில் களிம்பு ஏறும். இரும்பும் பித்தளையும் ஈரத்தில் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு சீக்கிரம் அரிக்கும். இந்த அரிமானத்தையும் சேர்த்து ஆராய நம்ம காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953 முதல் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நடக்கிறது. அவ்வளவு பெரிய விஷயம் உங்கள் டிக்கி மூலையில் காசளவு இடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. காண்டாக்டை உப்புத்தாளால் சுத்தம் செய்யுங்கள், நடுவில் இருக்கும் ஸ்பிரிங் முனை பல்பைத் தள்ளிப் பிடிக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள், வெடித்த வாசரை மாற்றுங்கள்.

நீங்கள் மாற்றிய பல்பையும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுங்கள். இரட்டை இழை பல்பில் இரண்டு பக்கப் பின்னும் ஒரே உயரத்தில் இருக்காது, தப்பாக மாட்டக் கூடாது என்பதற்காகவே ஏற்ற இறக்கமாக வைத்திருக்கிறார்கள். தேய்ந்த ஹோல்டரில் பலமாகத் திருகினால் தலைகீழாகவும் உட்கார்ந்துவிடும். அப்போது பின்விளக்கு போட்டதும் பிரேக் லைட் அளவுக்குப் பளிச்சென்று எரியும், பிரேக்கை மிதித்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் எப்போதும் பிரேக் போட்டுக்கொண்டே போகிற மாதிரி இருக்கும். எல்இடி பல்பு மாற்றலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இழை பல்புக்காகச் செய்த பழைய லென்ஸில் மலிவு எல்இடி போட்டால் நேர் பின்னால் பளிச்சென்றும் பக்கவாட்டில் இருட்டாகவும் இருக்கும். நான் போடுவதில்லை.

எல்லாம் முடிந்ததும் சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் வண்டியைப் பின்பக்கமாக வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். உங்கள் வளவு வீட்டில் சுண்ணாம்பு வெள்ளைப் பூச்சு சுவர் கட்டாயம் இருக்கும். கண்ணாடி மாதிரி வழவழப்பான சுவர் அது, இந்த வேலைக்கு அதைவிட நல்ல திரை கிடையாது. தனியாக உட்கார்ந்து, ரியர் மிரரில் பார்த்துக்கொண்டே பிரேக்கை மிதியுங்கள். சுவரில் இரண்டு சிவப்பு வட்டம் ஒரே அளவில், ஒரே வெளிச்சத்தில் விழ வேண்டும். பின்விளக்கை எரியவிட்டும் மிதியுங்கள், வெளிச்சம் குபீரென்று கூட வேண்டும். பத்து தடவை, ஒரு தடவைகூடத் தப்பக் கூடாது.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். தைப்பூச நேரத்தில் குன்றக்குடிச் சாலையில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டில் ஓரமாக நடந்துகொண்டிருப்பார்கள். நீங்கள் அவர்களுக்காகத் திடீரென்று வேகத்தைக் குறைப்பீர்கள். பின்னால் வருகிற பஸ்காரருக்கு அதைச் சொல்ல உங்களிடம் இருப்பது அந்த இரண்டு சிவப்பு விளக்கு மட்டும்தான். அவர் திடுக்கிட்டு ஒடித்தால் வண்டி போவது நடக்கிறவர்கள் பக்கம். அதனால் இது சரியாகும் வரை கல்யாண வீட்டு வேலைக்குக்கூட வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள். உங்கள் வண்டி 15 வருடத்தைத் தாண்டியது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதும் இதைப் பார்ப்பார்கள்.

திரும்பக் கோயம்புத்தூர் கிளம்பும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். எலி கடித்து ஷார்ட் ஆனாலும் தீப்பிடிக்காது, பேட்டரியும் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொல்லி, மாதம் ஒருமுறை முனையை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை இருபது தடவை மிதித்துவிடச் சொல்லுங்கள். ஸ்விட்சின் குமிழ் ஒட்டாமல் இருக்க அது போதும்.

இப்போது அந்த வயர்த் துண்டுச் சோதனையை மட்டும் செய்துவிட்டு எழுதுங்கள். எரிந்ததா இல்லையா, இல்லை என்றால் டெஸ்ட் லேம்ப் எந்த இடம் வரை எரிந்தது என்று சொன்னால் போதும், அங்கிருந்து பார்க்கலாம்.